உயிர் காக்கும் உப்புநீர்

இளம் அறிவியல் (வேதியியல்), மூன்றாமாண்டு மாணவன்

மருத்துவம் என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை ஊசியும் மாத்திரையும், பெரிய மருத்துவமனைக் கட்டடமும், விலையுயர்ந்த கருவிகளுமே. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் இலட்சக்கணக்கான குழந்தைகளின் உயிரைக் காத்த மருந்து ஒன்று, நம் வீட்டு அடுக்களையில் உள்ள உப்பு, சர்க்கரை, தண்ணீர் ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டது என்றால் பலர் நம்பத் தயங்குவர். புகழ்பெற்ற ஆங்கில மருத்துவ இதழான 'லான்செட்', 1978ஆம் ஆண்டிலேயே இதனை அந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக விளங்கக்கூடியது என்று பாராட்டித் தலையங்கம் எழுதியது. வயிற்றுப்போக்கின் போது கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைத்தான் சொல்கிறேன். 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரில் நாம் அனைவரும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

நான் வேதியியல் பயில்பவன். மருத்துவம் பயில்பவன் அல்லன். எனினும் மருத்துவமும் வேதியியலும் கைகோத்து நிற்கும் இடம் இது. நம்முள் பலர் நாளை பெற்றோராகவும் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்களாகவும் ஆகப் போகிறவர்கள். ஆகவே இக்கரைசல் ஏன் வேலை செய்கிறது, எப்படித் தவறாகிப் போகிறது என்னும் இரண்டையும் அறிந்து வைத்திருத்தல் நம் கடமை எனலாம்.

உடலும் நீரும்

வளர்ந்த மனிதனின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். பிறந்த குழந்தையின் உடலில் இது 70 விழுக்காட்டுக்கும் மேல். நாம் ஒரு நாளில் குடிக்கும் நீரும் உணவிலுள்ள நீரும் ஏறத்தாழ 2 லிட்டர். இதனோடு உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் எல்லாம் சேர்ந்து இன்னும் 7 லிட்டர் அளவுக்கு உணவுப் பாதையில் ஊறுகிறது. ஆக 9 லிட்டர் நீர் நாள்தோறும் குடலை அடைகிறது. ஆனால் மலத்தோடு வெளியேறுவதோ 100 முதல் 200 மில்லி லிட்டர் மட்டுமே. மீதி அனைத்தையும் குடல் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

இந்த வரவு செலவுக் கணக்கு குலைவதே பேதி. உள்ளே இழுக்கும் வேலை குறைகிறது. அல்லது வெளியே கசியும் நீர் பெருகுகிறது. கடுமையான வாந்திபேதியில், அதாவது காலராவில், வளர்ந்த ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை கூட நீரை இழக்க நேரிடும். 10 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு லிட்டர் நீரை இழந்தால் அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. உயிருக்கே ஆபத்தான நிலை. பெரியவர்களுக்கு ஒரு செம்பு தண்ணீராகத் தோன்றுவது, கைக்குழந்தைக்கு வாழ்வா சாவா என்னும் அளவாகிவிடுகிறது.

ஆகவே பேதியில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் கிருமி நேரடியாக அன்று. நீரும் உப்பும் வெளியேறி, இரத்த ஓட்டம் தளர்ந்து போவதே காரணம். இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சிற்றூரில் கேட்டவை

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாங்கள் வீடு வீடாகச் சென்று உடல்நலம் பற்றிய வினாத்தாள் ஒன்றை நிரப்பினோம். 'குழந்தைக்கு வயிற்றால் போனால் என்ன செய்வீர்கள்?' என்பது அதில் ஒரு கேள்வி. கிடைத்த விடைகளை நான் ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பல் முளைக்கிறது, தானே நின்றுவிடும் என்றார் ஒருவர். உரம் விழுந்திருக்கும், எடுக்க வேண்டும் என்றார் மற்றொருவர். தொக்கம் எடுப்பவரிடம் போவோம் என்றார் இன்னொருவர். ஊசி போட்டால்தான் கேட்கும் என்றவரும் உண்டு.

பாட்டி ஒருவரின் விடை என்னைச் சிந்திக்க வைத்தது.

"தண்ணி கொடுக்கக் கொடுக்கப் போய்க்கிட்டேதான் இருக்கும் தம்பி. நிறுத்தினாத்தான் நிக்கும்."

"அப்படியானால் தாய்ப்பால், பாட்டி?"

"அதையும் ஒருவேளை நிறுத்தித்தான் பார்ப்போம். வயித்துக்கு ஓய்வு வேண்டாமா?"

இதனை அறியாமை என்று சிரித்து ஒதுக்கிவிட முடியாது. 'லங்கணம் பரம ஔஷதம்' என்று பட்டினியையே மருந்தாகச் சொல்லும் வழக்கு நம்மிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மேலைநாட்டு மருத்துவரும் பேதியில் குடலுக்கு ஓய்வு தரவேண்டும் என்று நீண்ட காலம் கூறி வந்தவர்களே. மேலும் பாட்டி கண்ணால் கண்டதும் பொய்யன்று. நீர் கொடுப்பதை நிறுத்தினால் சில வேளைகளில் பேதி குறையத்தான் செய்யும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றாமல் விட்டால் ஒழுக்கும் நின்றுவிடும். ஆனால் அது நிற்பது ஓட்டை அடைபட்டதால் அன்று, குடம் வெறுமையானதால். குழந்தையின் உடலை நாம் அப்படி வெறுமையாக விடலாகாது.

மற்றொரு தாயின் விடையும் கருதத்தக்கது. "அங்கன்வாடியில பொட்டலம் கொடுத்தாங்க. ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சுக் கொடுத்தேன். ஒரே உப்பு, பிள்ளை துப்பிடுச்சு. குடிச்ச கொஞ்சத்துக்கும் பேதி நிக்கல" என்றார் அவர். பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. டம்ளரோ 200 மில்லி லிட்டர். அந்த அக்காவின் சொற்களில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, அளவு. மற்றொன்று, இக்கரைசல் பேதியை நிறுத்தும் என்ற எதிர்பார்ப்பு. இவ்விரண்டையும் அறிவியல் கொண்டு விளக்க முயல்கிறேன்.

மூடாத கதவு

வெறும் தண்ணீர் தாராளமாகக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். நீர் தானாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போவதில்லை. உப்பு போகும் பக்கம்தான் அதுவும் போகும். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தது இதுவே. எனவே குடலிலிருந்து நீர் இரத்தத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் சோடியம் போக வேண்டும்.

குடற்சுவரிலுள்ள செல்களில் சோடியம் நுழையும் வழிகள் பல. காலராக் கிருமி வெளியிடும் நச்சுப்பொருள் அவற்றுள் சிலவற்றை அடைத்துவிடுகிறது. அதே வேளையில் குளோரைடு அயனிகளைக் குடலுக்குள் கொட்டச் செய்கிறது. குளோரைடின் பின்னே சோடியமும் நீரும் வெளியேறுகின்றன. அரிசி கழுவிய நீர் போலப் பேதி ஓடுவது இதனாலேயே. காலராக் கிருமியின் நச்சே பேதிக்குக் காரணம் என்பதை 1959இல் கல்கத்தாவில் சோதனை மூலம் மெய்ப்பித்தவர் சம்புநாத் டே என்னும் இந்திய மருத்துவ அறிஞர்.

ஆனால் ஒரு கதவை மட்டும் அந்த நச்சால் மூட முடிவதில்லை. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் மட்டுமே திறக்கும் கதவு அது. இரட்டைப் பூட்டுப் போட்ட பெட்டிக்கு இரண்டு சாவியும் வேண்டுவது போல, இதற்கு இரண்டும் ஒருங்கே வேண்டும். இவ்விரண்டும் இணைந்தே செல்கின்றன என்னும் கருத்தை இராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க உயிர்வேதியியலார் 1960இல் பிராகா நகரில் நடந்த மாநாட்டில் வெளியிட்டார். உப்பு மட்டும் கொடுத்தால் கதவு திறவாது. சர்க்கரை மட்டும் கொடுத்தாலும் திறவாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், கடும் பேதியின் நடுவிலும் சோடியம் உள்ளே செல்லும். நீரும் அதன் பின்னே செல்லும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். இக்கரைசல் குடலின் கசிவை அடைப்பதில்லை. கசிவு தன்போக்கில் நடக்க, மறுபுறம் இழந்ததை ஈடு செய்கிறது. பேதி சில நாட்களில் தானே அடங்கும். அதுவரை உடல் வற்றிப் போகாமல் காப்பதே இதன் பணி. 'கொடுத்தும் நிற்கவில்லையே' என்று தாய் அதனைக் கைவிடுவது, வெள்ளம் வடியும் முன் கரையைக் கைவிடுவது போலாகும். அவரிடம் நாம் சொல்ல வேண்டிய முதற் செய்தி இதுதான்.

அறிவு மக்களை அடைந்த கதை

இழந்த உப்புநீரைத் திரும்பக் கொடுக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. 1832இல் தாமசு லாட்டா என்னும் மருத்துவர் ஸ்காட்லாந்தில் காலரா நோயாளிகளின் சிரை வழியாக உப்புநீரைச் செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார். நம் மக்கள் 'குளுக்கோஸ் ஏற்றுவது' என்று சொல்லும் முறையின் முன்னோடி அது. ஆனால் அதற்குத் தூய்மையாக்கப்பட்ட நீர், ஊசி, குழாய், பயிற்சி பெற்றவர் எல்லாம் வேண்டும். கொள்ளைநோய் பரவும் சிற்றூரில் இவற்றுக்கு எங்கே போவது?

1968இல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர், காலரா நோயாளிகளுக்கு வாய் வழியாகவே குளுக்கோசும் உப்பும் கலந்த கரைசலைக் கொடுத்து, சிரை வழி ஏற்றும் நீரின் தேவையைப் பெரிதும் குறைக்கலாம் என்று காட்டினர். ஆயினும் மருத்துவமனைக்கு வெளியே, பயிற்சியில்லாதவர் கையில் இது பயன்படுமா என்ற ஐயம் நீடித்தது.

அந்த ஐயத்தைத் தீர்த்தது 1971ஆம் ஆண்டின் பெருந்துயரம். வங்காளதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்கத்தின் போன்காவ்ன் முகாமில் காலரா பரவியது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனாபிசு, சிரை வழி ஏற்றும் நீர் தீர்ந்து போகும் நிலையில், உப்பு, சமையல் சோடா, குளுக்கோசு ஆகியவற்றை அளந்து பொட்டலங்களாக்கி, நீரில் கரைத்துப் பெரிய கலங்களில் வைத்தார். நோயாளிகளின் உற்றார் உறவினரே அதனை முகந்து புகட்டினர். முன்பு 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, அவர் கவனித்த நோயாளிகளிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. புகட்டிய கைகள் செவிலியர் கைகள் அல்ல. தாய், தமக்கை, கணவன் கைகள் என்பதே இதில் நாம் கருத வேண்டியது. மகாலனாபிசு 2022 அக்டோபரில் காலமானார். 2023இல் இந்திய அரசு அவருக்கு மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

வங்காளதேசத்தில் 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இக்கரைசலைச் செய்யக் கற்பித்தது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்பது அங்குச் சொல்லிக் கொடுத்த அளவு. கற்பித்தவருக்குக் கூலி, எத்தனை வீடு சென்றார் என்பதைக் கொண்டு மட்டும் தரப்படவில்லை. பின்னர் மற்றொருவர் சென்று சோதித்தபோது அத்தாய் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார் என்பதைக் கொண்டே தரப்பட்டது. கல்வி பயிலும் நமக்கும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இச்செய்தி சுவையூட்டும் என எண்ணுகிறேன்.

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு 45 இலட்சம் பேருக்கு மேல் பேதியால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டது. இன்று அது நான்கரை இலட்சத்தை ஒட்டி நிற்கிறது. தூய குடிநீர், கழிப்பிடம், தடுப்பூசி ஆகியவற்றுக்கும் இக்குறைவில் பங்குண்டு. எனினும் இக்கரைசலின் பங்கு பெரிது. மீதியுள்ள இறப்புகளிலும் பெரும்பகுதி தடுக்கக் கூடியதே என்பதுதான் நம்மை உறுத்த வேண்டும்.

பொட்டலத்துக்குள் இருக்கும் வேதியியல்

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவை, ஒரு லிட்டர் நீருக்குப் பின்வருமாறு:

சோடியம் குளோரைடு – 2.6 கிராம்
குளுக்கோசு – 13.5 கிராம்
பொட்டாசியம் குளோரைடு – 1.5 கிராம்
டிரைசோடியம் சிட்ரேட் – 2.9 கிராம்
மொத்தம் – 20.5 கிராம்

வேதியியல் மாணவர்கள் இதனை மோல் கணக்கில் மாற்றிப் பார்க்கலாம். குளுக்கோசின் மூலக்கூறு எடை 180. ஆகவே 13.5 கிராம் என்பது 75 மில்லிமோல். சாதாரண உப்பிலிருந்து கிடைக்கும் சோடியம் ஏறத்தாழ 45, சிட்ரேட்டிலிருந்து 30, கூட்டினால் அதுவும் 75. இரண்டு சாவிகளும் சம எண்ணிக்கையில் இருப்பதைக் காண்க! பேதியில் வெளியேறும் பொட்டாசியத்தை ஈடு செய்யப் பொட்டாசியம் குளோரைடு. இரத்தத்தில் மிகும் அமிலத் தன்மையைத் திருத்தச் சிட்ரேட். எல்லாத் துகள்களையும் கூட்டினால் லிட்டருக்கு 245 மில்லிமோல். இரத்தத்தின் அளவு 290ஐ ஒட்டியது. கரைசல் இரத்தத்தைவிடச் சற்றே நீர்த்திருப்பதால் நீர் எளிதாக உட்செல்கிறது. 2002க்கு முன் இருந்த கலவையில் இக்கூட்டுத்தொகை 311. அதனைக் குறைத்தபின் பேதியின் அளவும் வாந்தியும் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின.

இப்போது அந்த ஒரு டம்ளருக்கு வருவோம். லிட்டருக்கான பொட்டலத்தை 200 மில்லி லிட்டரில் கரைத்தால் அனைத்தும் ஐந்து மடங்காகும். சோடியம் 375, மொத்தத் துகள்கள் 1225. கடல்நீரின் சோடியம் 470ஐ ஒட்டியது என்றால் இது எவ்வளவு செறிவு என்பது விளங்கும். அத்தகைய நீர் குடலுக்குள் சென்றால் உடலுக்குள் நீர் போகாது. உடலிலிருந்து குடலுக்குத்தான் நீர் வரும். இரத்தத்தில் உப்பு மிகுந்து வலிப்பும் வரக்கூடும். குழந்தை துப்பியது ஒருவகையில் நல்லதே. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைத்தல் அரிது.

குளிர்பானங்களும் இக்காரணத்தாலேயே ஆகா. அவற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை. சோடியமோ மிகக் குறைவு. 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைத் தாங்கிக் கடைகளில் விற்கப்பட்ட சில இனிப்புப் பானங்களும் இவ்வகையினவே. உரிய கலவை இல்லாத பானங்களின் பெயரில் அவ்வெழுத்துகள் இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஆணையிட்டது. வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் பெயரை மட்டும் பாராமல், மேற்கண்ட அளவுகள் உள்ளனவா என்று பார்த்து வாங்குதல் நலம்.

கொடுக்கும் முறை

1. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுக. காய்ச்சி ஆறிய நீரை அளந்து எடுத்து, பொட்டலம் முழுவதையும் அதில் கரைக்க. பொட்டலத்தில் எவ்வளவு நீர் என்று எழுதியுள்ளதோ அவ்வளவே சேர்க்க வேண்டும். 200 மில்லி லிட்டருக்கான சிறு பொட்டலங்களும் உண்டு. ஆகையால் படித்துப் பார்த்தே கரைக்க வேண்டும். கரைத்தபின் கொதிக்க வைக்கலாகாது. பால், பழச்சாறு, கூடுதல் சர்க்கரை எதையும் சேர்க்கலாகாது. 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க.

2. ஒவ்வொரு முறை பேதியானபின்னும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை. இரண்டு முதல் பத்து வயது வரை அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை. பெரியவர்களுக்கு வேண்டிய அளவு. டம்ளர் என்றது 200 மில்லி லிட்டர் கொள்வதை.

3. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் மெல்லப் புகட்டுக.

4. தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தலாகாது. உணவு உண்ணும் குழந்தைக்கு இட்லி, குழைந்த சோறு, பருப்பு, வாழைப்பழம் போன்றவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுக்க.

5. துத்தநாக மாத்திரை 14 நாட்களுக்குக் கொடுப்பது பேதியின் காலத்தைக் குறைக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லி கிராம். அதற்குட்பட்ட குழந்தைக்கு 10. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலத்தோடு இதுவும் இலவசமாகக் கிடைக்கும். பேதி நின்றாலும் நாட்களை நிறைவு செய்ய வேண்டும்.

6. பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நன்று. கஞ்சியின் மாவுப்பொருள் குடலில் குளுக்கோசாக மாறி அதே கதவைத் திறக்கும். உப்பிட்ட மோரும் கொடுக்கலாம்.

நீர்போன்ற பேதிகளில் பெரும்பாலானவற்றுக்கு நுண்ணுயிர்க் கொல்லி மருந்து தேவையில்லை. பேதியைக் கட்டும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதோ ஆபத்து.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

கண்கள் குழிவிழுதல், அழுதால் கண்ணீர் வராமை, வாய் உலர்தல், கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்குதல், சிறுநீர் ஆறு மணி நேரமாகப் போகாமை ஆகியவை நீர்வற்றலின் அடையாளங்கள். வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டால் உடனே சமனாக வேண்டும். மடிப்பு மெல்ல இறங்கினால் நீர் குறைந்துள்ளது என்று பொருள். குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்கவே இயலாது போனாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, கடும் காய்ச்சல் இருந்தாலோ, இரண்டு மூன்று நாட்களில் குறையாவிட்டாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையானால் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். செல்லும் வழியெல்லாம், விழுங்க முடிந்தால், கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லலாம். சிறுநீரக நோய், இதய நோய் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும். நீர்வற்றல் முற்றியவர்க்குச் சிரை வழியே நீர் ஏற்றுவதுதான் மருந்து. அங்கு வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

முடிவுரை

ஒரு மருந்தின் வெற்றி அதன் விலையில் இல்லை. அது யார் கையில், எந்த அளவில் சென்று சேர்கிறது என்பதில் இருக்கிறது. கல்கத்தாவிலும் டாக்காவிலும் ஆய்வுக்கூடங்களில் பிறந்த அறிவு, தாயின் கைக்கு வந்தபோதுதான் உயிரைக் காத்தது. இன்று பொட்டலம் ஊர்தோறும் கிடைக்கிறது. குறைவது மூன்று செய்திகளே: நீரை நிறுத்தாதீர்கள், இது பேதியை நிறுத்தும் மருந்தன்று, உயிரை நிறுத்தி வைக்கும் மருந்து, அளவை மாற்றாதீர்கள்.

நண்பர்களே, இக்கட்டுரையைப் படித்தவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு சிறு வேலை செய்யுமாறு வேண்டுகிறேன். ஒரு லிட்டர் அளவுள்ள தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டு, வீட்டிலுள்ள சொம்பு, குண்டான், போசி ஆகியவற்றில் எது எவ்வளவு கொள்ளும் என்று அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் நிற்கும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கிழித்து, அது எதற்கு என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிவிட்டு வாருங்கள். மூன்று நிமிட வேலை. என்றேனும் ஓர் இரவில், பேருந்தும் மருத்துவரும் கிடைக்காத வேளையில், அந்தக் கோடு ஒரு குழந்தைக்குப் பயன்படும்.